வெள்ளிக்கிழமைச் சுவர்

“நான் மாட்டேண்ணே” என்று உளியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார் கொத்தனார் கருப்பணன்.

“என்னய்யா, வந்ததும் வராததுமா மாட்டேங்கீக?” என்றார் சங்கிலிமுத்து.

“செவத்தைக் கொத்தணும்னு சொன்னீக. செவத்துல யாரு இருக்கான்னு சொன்னீகளா?”

சுவரில் மாரியம்மன் இருந்தாள். காலண்டருக்கு அச்சடித்தபோது கலர் ஒதுங்கிப்போய், உதட்டுச் சிவப்பு மூக்கு நுனியில் விழுந்துவிட்ட வேஸ்ட் தாள். ஆனால் வேஸ்டானது தாள்தானே, ஆத்தா இல்லையே. அவள் மேல் உளியை வைக்கக் கருப்பணனுக்கு மனசு வரவில்லை.

சிவகாசியில் மழை அவ்வளவாகப் பெய்யாது. அதனால்தான் பட்டாசும் அச்சும் இந்த ஊரைத் தேடி வந்தன. அப்பேர்ப்பட்ட ஊரில் ஈரச்சுவர் உள்ள ஒரு வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் குடிவந்தவர் சங்கிலிமுத்து. அச்சகத்தில் தாள் வெட்டும் மெஷினில் நிற்கிறவரின் சம்பளத்துக்கு அந்த வீடுதான் கட்டுப்படியானது. ஏன் கட்டுப்படியானது என்பது சாமான்களை இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. வேட்டியில் கரும்புள்ளி விழுந்தது. அரிசியில் பூஞ்சை வாடை அடித்தது. சிவகாசியிலேயே தீக்குச்சி நமத்துப்போகிற ஒரே வீடு அவருடையதாகத்தான் இருக்கும்.

மாடி வீட்டுக் குழாய்தான் காரணம் என்று பலமுறை மேலே ஏறிப்போய்ச் சொல்லிவிட்டார். மாடியில் கற்பகவல்லி என்ற அம்மாள், கம்பி மத்தாப்புக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டு தனியாக இருந்தாள். கதவைப் பாதி திறந்து, “எங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுலதான் இருக்கு” என்று சொல்லிச் சாத்திவிடுவாள்.

வேறு வழியில்லாமல் கம்பெனியிலிருந்து வேஸ்ட் தாள்களைக் கொண்டுவந்து, மைதாப் பசை காய்ச்சிச் சுவரை மறைத்தார். பனிமலை ஒட்டினார், விழுந்தது. ரோஜாப்பூ ஒட்டினார், விழுந்தது. சிரிக்கிற குழந்தை சிரித்துக்கொண்டே விழுந்தது. மாரியம்மன் மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப என்னய்யா செய்ய?” என்றார் சங்கிலிமுத்து.

“கிழியாம உரிச்சு எடுங்க. ஓடுற தண்ணியில விட்ருங்க. அப்பறம் என்னையக் கூப்பிடுங்க.”

“இந்தச் சீமையில எங்கனய்யா தண்ணி ஓடுது?”

“அது உங்க பாடுண்ணே” என்று கருப்பணன் சைக்கிளை மிதித்துவிட்டார்.

பசை இளகினால் தாள் தானாக வந்துவிடும் என்று சங்கிலிமுத்து கணக்குப் போட்டார். துண்டை நனைத்து அம்மன் நெற்றியில் ஒத்தடம் கொடுத்தார். தாள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார். கிரீடத்திலிருந்து முத்து முத்தாக நீர் இறங்கியது.

“அண்ணே, உங்க வீட்டுல கரண்டு இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே எதிர்வீட்டுப் பாண்டிமீனா எட்டிப் பார்த்தாள். பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஆத்தாளுக்கு வேர்க்குது!”

“இல்ல தாயி, நான்தான் தண்ணிய…”

அவர் வாக்கியத்தை முடித்தபோது, அதைக் கேட்க அவள் அங்கே இல்லை. தெருவில் கூவிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது வாசலில் பெண்கள் பாயும் குத்துவிளக்குமாகக் காத்திருந்தார்கள்.

“இது ஈரம்மா. மாடிக் குழாய் ஒழுகுது” என்றார்.

“ஆமாண்ணே, ஒழுகட்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளக்கு வைக்கணும்” என்றாள் பாண்டிமீனா.

குலவை போட்டார்கள். சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள். போகும்போது ஒரு தூக்குவாளி நிறையப் பொங்கலை அவர் கையில் கொடுத்து, “சாப்பிட்டீகளா? மொகம் வாடிக் கெடக்கே” என்றாள் யாரோ ஒருத்தி.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்குள் வைத்து அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் ‘வணக்கம்’ சொன்னால் இவரும் பதிலுக்கு வணக்கம் சொல்வது வழக்கம். அந்த வீட்டில் நடந்த அதிகபட்ச உரையாடல் அதுதான். அன்றைக்குத் தூக்குவாளியைக் கழுவும்போது அவருக்கு அழுகை வந்தது. பொங்கல் நன்றாக இருந்ததால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதன்பிறகு வாரத்தில் மற்ற நாள்களெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு வரிசையில் நிற்பதுபோல ஆகிவிட்டது. வியாழக்கிழமை வீட்டைக் கூட்டித் துடைப்பார். கடனே என்று மழித்துக்கொண்டிருந்தவர், கண்ணாடி பார்த்து மழிக்க ஆரம்பித்தார். புளியோதரை வந்தது, சுண்டல் வந்தது. “இருமலு எப்படியிருக்கு?” என்று விசாரித்தார்கள். கற்பகவல்லியும் மாடியிலிருந்து இறங்கி வந்து, நிலைப்படி ஓரமாக உட்கார்ந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். பெட்டி ஒட்டிய பசை விரல்களில் காய்ந்திருக்கும். எல்லோருக்கும் கடைசியாகத்தான் எழுந்து போவாள்.

வீட்டுக்காரர் நல்லசிவம் அண்ணாச்சிக்குச் சேதி போயிற்று. வந்தார், செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

“ஆத்தா சக்தி ஒருபக்கம் இருக்கட்டும் முத்து. கட்டடம் என்னோடதுல்லா? கம்பி துருவேறிரும். பிளம்பரை அனுப்புதேன்.”

“எதுக்கு அண்ணாச்சி செரமம்?” என்றார் சங்கிலிமுத்து.

ஈரம் என்று ஓயாமல் போன் போட்டவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததும் நல்லசிவம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

பிளம்பர் பாண்டிமுருகன் மாடிக்குப் போய்க் குழாயை மாற்றினான். சுவர் காய ஆரம்பித்தது. முதலில் அம்மனின் பாதம் காய்ந்தது. அப்புறம் இடுப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்கள் குறைந்தார்கள்.

“ஆத்தா மலையேறிட்டா போல. நாம இனி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கே போயிருவோம்” என்று பாண்டிமீனா சொன்னது சங்கிலிமுத்துவின் காதில் விழுந்தது.

அடுத்த வியாழக்கிழமை, துணி தேய்க்கிறவர்கள் தண்ணீர் தெளிப்பார்களே, அந்த மாதிரி ஒரு ஸ்பிரே பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார். கதவைத் தாழிட்டார்.

“தாயே, குத்தமா எடுத்துக்காதே. உனக்குக் கோடி வீடு இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான்” என்று சொல்லி நெற்றியில் மட்டும் லேசாக அடித்தார்.

லேசாகத்தான் அடித்தார். ஆனால் மறுநாள் சாயங்காலம் கதவைத் திறந்தால், தண்ணீர் கன்னம் வழியாக வழிந்து தரையில் குளமாக நின்றது. கை கொஞ்சம் ஓங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

“ஆத்தா அழுவுறாடீ!” என்றாள் பாண்டிமீனா.

அவ்வளவுதான். பக்கத்துத் தெரு வந்தது. சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து யாரோ காரில் வந்தார்கள். மேளம் வந்தது. ஒருவர் சங்கிலிமுத்துவின் காலிலேயே விழப் பார்த்தார். ‘சாப்பிட்டீகளா’ என்று கேட்கத்தான் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நேரமில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நல்லசிவம் வந்தார். இந்தத் தடவை கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

“முத்து, நான் கட்டக்கடைசியாச் சொல்லுதேன். மறுபடி பிளம்பர் வருவான். அதுக்கப்புறமும் ஈரம் இருந்தா செவத்தை இடிச்சிருவேன். ஆத்தாவைக் கோயில்ல கொண்டுபோய் வச்சிருவோம். நீங்க வேற வீடு பாத்துக்கோங்க.”

வேறு வீடு என்றால் எங்கே போவது? இந்த வாடகைக்கு ஈரமில்லாத வீடு என்ன, கூரையுள்ள வீடே கிடைக்காது. ஈரம் இருந்தால் வீடு போகும். ஈரம் போனால் வெள்ளிக்கிழமை போகும். சங்கிலிமுத்து தட்டில் போட்ட சோறு தட்டிலேயே இருக்க, யோசித்து யோசித்துப் பார்த்தார். கடைசியில் வீட்டைத் தேர்ந்தெடுத்தார். ஸ்பிரே பாட்டிலைக் கம்பெனிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார்.

அந்த வாரம் முழுக்கச் சுவர் பக்கம் திரும்பவே இல்லை. மறுபடியும் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு வணக்கம் சொல்லிப் பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பாதி நாள் லீவு போட்டார். வருகிறவர்களிடம் தானே உண்மையைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்ற முடிவோடு வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டுச் சுவரைப் பார்த்தார்.

அம்மனின் முகம் நனைந்திருந்தது.

தொட்டுப் பார்த்தார். தண்ணீர்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிரீடத்தின் மேலிருந்து புதிதாக ஒரு சொட்டு கிளம்பி, மூக்கு நுனிச் சிவப்பைத் தாண்டி இறங்கியது.

பாட்டில் இல்லை. குழாய் மாற்றியாயிற்று. அப்படியானால் இது?

நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். “ஆத்தா! உன்னை வச்சு நான் நாடகம் போட்டேன். இருந்தும் என்னைய விட்டுட்டுப் போகலியே நீ! வீடு போனாப் போகட்டும் தாயே, நீ இரு!” என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பிளம்பர் பாண்டிமுருகன் கையில் ஸ்பானரோடு இறங்கி வந்து, வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

“குழாயில ஒரு குத்தமும் இல்லண்ணே. மேல வீட்டுக் கற்பகவல்லி அக்காதான் குடத்துத் தண்ணியைச் செவத்தோரமா ஊத்திக்கிட்டு இருந்தாக. ஏன்க்கான்னு கேட்டதுக்கு, ‘கீழ சொல்லிராத தம்பி, செவரு காஞ்சுபோச்சுன்னா வெள்ளிக்கிழமை நான் யாரு வீட்டுக்குப் போவேன்’ங்காக.”