சாய்மனைக் கதிரை மெல்பன் போன கதை

நாலாவது ஆளும் வந்துவிட்டார். சத்தியநாராயணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், ஃபோனைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். சந்தேகமில்லை. அவருடைய பழைய சாய்மனைக் கதிரையை வெள்ளவத்தையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க உலகத்தில் நாலு பேர் தயாராக இருந்தார்கள்.

ஒருத்தரும் வரக்கூடாது என்றுதான் அவர் அந்த விளம்பரத்தையே எழுதியிருந்தார்.

விஷயம் இதுதான். மகள் நிஷாந்தி மெல்பனில் இருக்கிறாள். மனைவி கண்ணை மூடி ஆறு வருஷம். போன மாசம் குளியலறையில் வழுக்கி விழுந்து, கையில் கட்டோடு வீடியோ கோலில் முகம் காட்டினதிலிருந்து மகள் இவரை விட்டபாடில்லை. தனிய இருந்தது காணும், எங்களோட வந்து இருங்கோ என்று ஒருநாள் அழுதேவிட்டாள். மகள் அழுதால் சத்தியர் தாங்கமாட்டார். அதற்காக மெல்பன் போகவும் ஏலாது. ஒரு தரம் போய் மூன்று மாசம் இருந்து பார்த்தவர். சாப்பாடு நல்லம், பேத்தி மீனு தங்கம், ஒரு குறையும் சொல்லக்கூடாது. ஆனால் அந்த மூன்று மாசத்தில் ஒரு பகல் நித்திரைகூட வரவில்லை.

சத்தியருடைய பகல் நித்திரை சும்மா நித்திரை இல்லை, சொல்லிப்போட்டேன். இரண்டு மணிக்கு ஜன்னலோரம் கதிரையில் சாய்வார். கடற்காற்று வந்து சாரத்தை மெல்ல ஊதி விடும். வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோச்சி கூவிக்கொண்டு வெளிக்கிடும். அடுத்த ஸ்டேஷன் பம்பலப்பிட்டி. கோச்சி அங்கே போய்ச் சேர முந்தியே இவர் வேறெங்கோ போய்ச் சேர்ந்துவிடுவார்.

கனவில் அதே கோச்சி தண்டவாளத்தை விட்டுவிட்டுக் கடல்மேல் ஓடும். புதுக்கடைக் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் கிளாக்கராக இருந்த மனுஷன் என்றபடியால், கோச்சிப் பெட்டிக்குள் ஒரு நீதவான் கட்டாயம் இருப்பார். அந்த ஃபைல் எங்கே என்று கேட்பார். காணேல்ல சேர் என்பார் இவர். பரவாயில்லை, நீர் நித்திரையைக் கொள்ளும் என்பார் நீதவான். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் ஒரு நீதவானும் அவருக்கு அப்படிச் சொன்னதில்லை. இந்தச் சுகத்தை விட்டுப்போட்டு ஒருத்தர் எங்கே போவது?

ஆகவே அவர் ஒரு கிளாக்கர் மூளையைப் பாவித்தார். மகளுக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பினார்.

"பிள்ளை, என்ர சாய்மனைக் கதிரை மெல்பன் போய்ச் சேரட்டும். அது எங்க போகுதோ அங்க நானும் வாறன். அது போகாட்டில் நானும் இல்லை. இதைச் சத்தியக்கடதாசியா வைச்சுக்கொள்."

அந்த ஆட்டங்கண்ட கதிரையைக் கப்பலேற்ற எந்த விசரன் வரப்போகிறான் என்பது அவருடைய நினைப்பு.

நிஷாந்தியா சளைத்தவள்? உடனே ஃபோனில் ஒரு 'அப்' போட வைத்தாள். சாமானின் படத்தைப் போட்டு, எங்கிருந்து எங்கே என்று எழுதினால் போதும், லொறிக்காரர் முதல் கப்பல்காரர் வரை ஆளுக்கொரு விலை சொல்லிக்கொண்டு வருவார்கள். அடுத்த ஒழுங்கைக்குக் கட்டில் தூக்கவும் அதுதான், கண்டம் தாண்டவும் அதுதான்.

நாலு பேர் வந்துவிட்டார்களே, இனி என்ன செய்வது? கீழ்வீட்டு சரோஜினிதேவிதான் ஒரு யோசனை சொன்னார். கதிரையில் உள்ள குறையை எழுதுங்கோவன், தங்கடபாட்டில ஓடிவிடுவினம் என்றார். சத்தியரும் 'ஒரு கால் ஆடும்' என்று சேர்த்தார். அரை மணித்தியாலத்தில் பாமன்கடையிலிருந்து தச்சுப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்து, காலை இலவசமாகத் திருத்திப் பொதிசெய்து அனுப்புகிறேன் என்றார்.

சத்தியர் பல்லைக் கடித்துக்கொண்டு 'மூட்டைப்பூச்சியும் உண்டு' என்று எழுதினார். பொய்தான். அந்தக் கதிரையில் ஒரு எறும்புகூட ஏறினது கிடையாது. எழுதும்போது கதிரையைப் பார்க்க வெட்கமாக இருந்தது. உடனே பூச்சிமருந்து அடிக்கிற கொம்பனி ஒன்று, மருந்தடித்துச் சான்றிதழும் சேர்த்துத் தருகிறோம் என்று வந்தது. அன்று பின்னேரம் நிஷாந்தி கோல் எடுத்து, அவுஸ்திரேலியாவுக்குள் மரச்சாமான் விட அந்தச் சான்றிதழ்தான் முக்கியமாம், அப்பாவுக்கு எப்படி இவ்வளவு விளக்கம் என்று உருகிப்போனாள். சத்தியர் ஓம் ஓம் என்றார்.

மூன்றாம் நாள் கோர்ட் தமிழை அவிழ்த்துவிட்டார். மேற்படி கதிரையைக் கழற்றக்கூடாது, கவிழ்க்கக்கூடாது, அதன்மேல் வேறு சாமான் வைக்கக்கூடாது, பயணகாலம் முழுவதும் ஜன்னலோரம் வைத்துக் காற்றுப்பட விடவேண்டும் என்று ஒன்பது நிபந்தனை. அவ்வளவுதான். இது ஏதோ பெரிய இடத்துச் சாமான் போல என்று ஊரெல்லாம் கதை பரவி, பதினேழு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர், இதில் எந்தக் கவர்னர் இருந்தவர் என்றுகூட விசாரித்திருந்தார்.

"நீங்கள் எழுதினா அப்பிடித்தான்," என்றார் சரோஜினிதேவி. "வாசிக்க எனக்கே அதில இருக்க ஆசையா இருக்கு."

சத்தியர் விளம்பரத்தையே அழித்துவிட்டார். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. பாவம் அப்பா, தெரியாமல் எதையோ அமத்திவிட்டார் என்று நினைத்த நிஷாந்தி, வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் தானே திரும்பப் போட்டாள். போகவேண்டிய இடத்தில் 'மெல்பன்' என்று அடித்தாளாம், மிச்சத்தை அப் தானே நிரப்பிவிட்டதாம். முதலாவதாக வந்தவர் சொன்ன விலை நம்பேலாத மலிவாம். கண்ணை மூடிக்கொண்டு ஓம் சொல்லிவிட்டாளாம். ஆள் கொட்டாஞ்சேனை, துறைமுகத்துக்குப் பக்கம், அதுதான் மலிவு என்று விளக்கமும் சொன்னாள்.

அடுத்த நாள் மத்தியானம் அந்தக் கொட்டாஞ்சேனைக்காரர் ஷிராஸ் வந்தார். சின்ன லொறி, சிரித்த முகம். மலிவுக்காரன் என்றால் முரடனாக இருப்பான், ஒரு சண்டை பிடித்து அனுப்பிவிடலாம் என்று காத்திருந்த சத்தியருக்கு அதுவும் சரிவரவில்லை. ஷிராஸ் கதிரையை ஒரு பழைய போர்வையால் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கினார்.

"தூரப் பயணம், கவனம்," என்றார் சத்தியர்.

"நமக்கு மெல்பன் எல்லாம் ஒரு தூரமா சேர்?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உலகம் எவ்வளவு சின்னதாகப் போய்விட்டது என்று சத்தியர் வியந்தார். கடல் தண்ணி படாதோ என்று கேட்டார். கடலுக்குக் கிட்டத்தான், ஆனா அவ்வளவுக்கு வராது, மழை வந்தா படங்கு போடுறேன் என்றார் ஷிராஸ். ஒழுங்கை மூலையில் லொறி திரும்பும் வரைக்கும் சத்தியர் கேற்றில் நின்றார். கதிரையின் ஒரு கை போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காத நேரம் இவரும் கையைக் கொஞ்சம் ஆட்டினார்.

சரோஜினிதேவி பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். அவருக்கும் மனம் சரியில்லை, காட்டிக்கொள்ளவில்லை.

"இப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

"சத்தியக்கடதாசி குடுத்தாச்சு. கதிரை போற இடத்துக்கு நானும் போகத்தான் வேணும்," என்றார் சத்தியர். முப்பத்தொரு வருஷம் மற்றவர்களின் சத்தியக்கடதாசிகளுக்குச் சீல் குத்திய மனுஷன், தன் சொல்லைத் தானே மீறுவாரா?

ஜன்னலோரம் கதிரை இருந்த இடத்தில் நாலு கால் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த நாலுக்கும் நடுவில் பாயை விரித்துப் படுத்தார். நித்திரை வராது என்றுதான் நினைத்தார். காற்று வந்தது, கோச்சி கூவியது, வந்துவிட்டது.

கோச்சி கடல்மேல் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால், தண்ணீரில், அவருடைய கதிரை தன்பாட்டில் மிதந்து போனது. அதில் மீனு சம்மணம் கட்டி இருந்து, தாத்தா கெதியா வாங்கோ என்று கூப்பிட்டாள். அவளைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. போனால்தான் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் கோச்சிக்குள் காற்றே இல்லை, ஜன்னல் எல்லாம் பூட்டிக் கிடந்தது. நீதவான் முதல் தடவையாகக் கண்டிப்பாக இருந்தார். ஃபைல் கையில் இருந்தது. கதிரை எங்கேயோ ஆளும் அங்கே, இது கோர்ட்டின் கட்டளை, கையெழுத்து வையும் என்றார். சேர், என்ர பகல் நித்திரை என்று சத்தியர் மன்றாடினார். அதெல்லாம் அங்கே இல்லை என்றார் நீதவான். சத்தியர் அழுதுகொண்டே பேனையை வாங்கினார்.

ஃபோன் அடித்தது. மணி மூன்றரை. சத்தியர் பாயில் எழும்பி இருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். பின்னால் பஸ் ஹோர்ன் சத்தம், அதற்கும் பின்னால் அலைச்சத்தம்.

"சேர், ஷிராஸ் பேசுறேன். வழியில ஒரே டிராஃபிக், அதான் லேட், இப்பதான் கதிரையோட பம்பலப்பிட்டி மெல்பன் அவெனியூவுக்கு வந்து சேர்ந்தேன். எந்த வீடு சேர், காலி ரோட்டுப் பக்கமா, கடல் பக்கமா?"