மூன்றாம் கூடத்துப் பேரமைதி

புத்தர் ஆறு வருடம் காட்டில் அலைந்து, பட்டினி கிடந்து, உடம்பு வற்றித் தேடிய அமைதியை, அந்த அருங்காட்சியகம் ஒப்பந்தக்காரரை வைத்து மூன்றே மாதத்தில் கட்டி முடித்தது. உலக ஆன்மிக வரலாற்றில் இது ஒரு பொன்னாள் என்று இயக்குநரே சொன்னார். அவரைத் தவிர அதைச் சொல்ல அங்கே வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை.

மூன்றாம் கூடத்தில் நடுநாயகமாகக் கல் புத்தர். தலைக்கு மேல் இளநீல விளக்கு. நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி. அவற்றில் 'பதிவு செய்யப்பட்ட அமைதி' எட்டு மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. சிலையைச் சுற்றித் தரையில் ஒரு சிவப்புக் கோடு. தாண்டினால் அபாயமணி ஊரைக் கூட்டிவிடும்.

இந்த அமைதியைக் காக்கும் பொறுப்பு ஒரு பெண் காவலாளியிடம் இருந்தது. பதினான்கு வருட சர்வீஸ். கால் வலிக்கிறதென்று நாற்காலி கேட்டபோது, "இக்கூடத்தில் அமர்ந்த நிலை சிலைக்கு மட்டுமே உரியது" என்று எழுத்துமூலம் பதில் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வயதான பிக்குணி ஒருவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சிலையைப் பார்த்ததும், காணாமல்போன அண்ணனை ரயில் நிலையத்தில் கண்டவர்போல முகம் மலர்ந்தது. நேரே போய் நெற்றி தரையில் பட விழுந்தார்.

மணி அலறியது.

காவலாளி ஓடிவந்தாள். பிடித்து வெளியே அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தப் புத்தருக்கு எதிரே யாரும் நாலு விநாடிக்கு மேல் நின்று அவள் பார்த்ததில்லை. மனசு வரவில்லை. மணியை நிறுத்திவிட்டு, "மெதுவா எந்திரிங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல," என்றாள்.

இயக்குநர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

"கும்பிடுறாங்க சார்."

"யாரை?"

"புத்தரை சார்."

"இது புத்தர் இல்லம்மா, காட்சிப்பொருள் நூத்திப் பன்னெண்டு! இப்படியே விட்டா நாளைக்கு எல்லாரும் இதைச் சாமின்னு நினைச்சுடுவாங்க. உங்க மேல மெமோ வரும், பாத்துக்குங்க."

அவசரக் கூட்டம் கூடியது. வழிபாட்டைச் 'சேதம்' என்று பதிவதா, 'பார்வையாளர் ஈடுபாடு' என்று பதிவதா என மூன்று மணி நேரம் விவாதித்தார்கள். முடிவில் 'பக்தி ஏற்பட்டமைக்கான விளக்கப் படிவம்' பிறந்தது. பிக்குணி அதுவரை வராந்தா பெஞ்சில் காத்திருந்தார். அங்கே ஒலிபெருக்கி இல்லாததால் நிஜமாகவே அமைதியாக இருந்தது.

படிவத்தைக் காவலாளிதான் கொண்டுபோய்ப் படித்தாள். "பொருளோட உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்குறாங்கம்மா."

"நான் தலைமைப் பிக்குணியா இருக்கிற மடத்துல இருந்தவரும்மா. என் குருவோட குரு காலத்துல யாரோ வண்டி கொண்டுவந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவசரத்துல வலது கை உடைஞ்சு விழுந்துடுச்சு. அந்தக் கையைத்தான் இத்தனை வருஷமா கும்பிட்டுட்டு இருக்கோம். முகத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

காவலாளி கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். புத்தரின் வலது கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. பதினான்கு வருடமாகக் காவல் காத்தவள், மீதி எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நிரப்பிய படிவத்தைப் படித்த இயக்குநருக்கோ தலைகால் புரியவில்லை. "கை கிடைச்சிடுச்சா! கையும் களவுமா பிடிச்சுட்டோம்!" என்று துள்ளினார். அரை மணியில் கடிதம் தயாரானது.

"அனுப்புநர்: இயக்குநர், அருங்காட்சியகம். பெறுநர்: தலைமைப் பிக்குணி, மடாலயம். எங்களுக்குச் சொந்தமான சிலையிலிருந்து பிரிந்த பகுதி தங்கள் வசம் இருப்பது தெரியவந்துள்ளது. பிறர் பொருளை அனுமதியின்றி வைத்திருப்பது திருட்டாகும். ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்கவும்."

"இதுல அந்தம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. உங்க மெமோவை நான் மறந்துடறேன்," என்றார்.

காவலாளி வராந்தாவுக்குப் போய்ப் படித்துக் காட்டினாள். பிக்குணி இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். கோபமே இல்லை.

"ரொம்ப நியாயமா எழுதியிருக்கார்மா. ரெண்டே ரெண்டு இடத்துலதான் பிழை."

காவலாளி ஒரு கணம் யோசித்தாள். பிறகு பிக்குணியின் பக்கத்தில், பதினான்கு வருடத்தில் முதல்முறையாக வேலை நேரத்தில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்து 'அனுப்புநர்' இருந்த இடத்தில் 'பெறுநர்' என்றும், 'பெறுநர்' இருந்த இடத்தில் 'அனுப்புநர்' என்றும் திருத்தினாள். பிக்குணி நிதானமாகக் கையெழுத்திட்டார்.

மற்றபடி அந்தக் கடிதத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.