ஆளில்லாத முப்பத்தோரு வீடுகள்

ஒரு உண்மையை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நான் ரியல் எஸ்டேட்டில் இறங்கியதற்கு முக்கியக் காரணம், என் போன் அடிக்க வேண்டும் என்கிற ஆசை. (வெளியே யாராவது கேட்டால் ‘முதலீடு’ என்று சொல்லிக்கொள்வேன்.)

கோயம்புத்தூர் மில் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். மில்லை மூடியதும் விருதுநகருக்கு வந்து, அம்மா காலமானதிலிருந்து பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைத் திறந்து உட்கார்ந்தேன். கல்யாணம் ஆகவில்லை. மதுரையில் இருக்கும் அக்கா மட்டும் வாரம் ஒருமுறை கூப்பிடுவாள்.

“ஏலே, அந்த வீட்டை வித்துட்டு இங்கன வந்துரு. மாடியில ஒரு ரூம் சும்மாதான கெடக்கு.”

அந்த ரூமை நான் பார்த்திருக்கிறேன். கிழிந்த மெத்தை ஒன்றும் ஓடாத வாஷிங் மெஷின் ஒன்றும் அங்கே இருந்தன. மூன்றாவது சாமானாகப் போய்ச் சேர எனக்கு மனசில்லை. “தீபாவளிக்குள்ள ஒரு இடமாச்சும் வாங்கி வித்துக் காட்டுறேன். முடியலைன்னா வீட்டை வித்துட்டு வந்துர்றேன்” என்று வாயை விட்டுவிட்டேன்.

இடம் எங்கே கிடைக்கும் என்று தெரிய வேண்டுமே. புரோக்கர்கள் கூடும் டீக்கடைக்குப் போனேன். நான் உட்கார்ந்ததும் அவர்கள் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள். சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் வாசலில், மனு எழுதிக்கொடுப்பவர்கள் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர்களில் ஒருவர், “முதியோர் பென்சனா அண்ணாச்சி?” என்றார். எனக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு.

கடைசியில் போனில் ஒரு வீடியோ கிடைத்தது. ஆளில்லாத வீட்டைக் கண்டுபிடித்தால் சல்லிசாக வாங்கலாம் என்று ஒரு பையன் சொன்னான். அதற்கு ஐந்து அடையாளங்கள்: பகலில் பூட்டு, வாசலில் கோலம் இல்லை, செருப்பு இல்லை, கொடியில் துணி இல்லை, கதவிடுக்கில் எடுக்காத காகிதம். ஐந்தும் பொருந்தினால் கதவுக்கடியில் ஒரு கடிதத்தைத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். (ஆளில்லாத வீட்டில் கடிதத்தை யார் எடுத்துப் படிப்பார்கள் என்று அவனும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.)

கடிதம் அச்சடிக்க சிவகாசி போனேன். நூறு போதும் என்றேன். “ஆயிரத்துக்குக் கீழன்னா மிஷினை ஓட்டவே மாட்டோம்ணே” என்றார் பிரஸ்காரர். ஆயிரம் அடித்தேன். ‘பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டை உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொள்கிறோம்’ என்று கொட்டை எழுத்து, கீழே என் விலாசமும் போன் நம்பரும். நான் ஒருத்தன்தான். ஆனாலும் ‘கிறோம்’ என்று போட்டால் கூட நாலு பேர் இருப்பது மாதிரி ஒரு தெம்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பைக்கை நிறுத்தினேன். தெருவைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வீடு வீடாகப் பூட்டு. செருப்பு இல்லை. கொடியில் துணி இல்லை. ஏதோ நோட்டீஸ் எல்லாக் கதவிலும் செருகியபடி இருந்தது. (கோலம் இருந்திருக்கிறது, ஆட்டுப் புழுக்கைக்கு அடியில்.) தெருவே பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போய்விட்டது என்று நானாக முடிவு கட்டினேன். முப்பத்தோரு வீட்டிலும் கடிதத்தைத் தள்ளிவிட்டு, வழியில் புரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினேன்.

தீபாவளி சீசன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போக, அந்தத் தெருவில் இருந்த அத்தனை பேரையும் விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி வேன் வந்து பட்டாசு வேலைக்கு அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. நான் அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் பிறந்தவன். வருடம் தவறாமல் வெடி வெடித்தவன். அதைச் செய்கிறவர்கள் எந்நேரம் வீட்டில் இருப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் ஆறரைக்குப் போன் அடித்தது.

“நான் மாரீஸ்வரி பேசுதேன். எங்க வீட்டை விக்கப் போறம்னு உங்ககிட்ட ஆரு சொன்னா?”

“இல்லம்மா, வீடு பூட்டிக் கெடந்துச்சு...”

“வேலைக்குப் போறவுக வீட்டைத் தெறந்து போட்டுட்டா போவாக?”

கம்பெனி குடோன் கட்டுவதற்காகத் தெருவையே காலி பண்ணச் சொல்லப்போகிறது, அதற்கு நான்தான் முன்னோட்டம் என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டதாம். “பதினெட்டு வருசம் மத்தாப்புப் பெட்டி ஒட்டிக் கட்டுன வீடுங்க” என்றபோது அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. அப்புறம் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஏழெட்டு மாதமாக அக்காவைத் தவிர யாரும் கூப்பிடாத போன் அது. இருபதாவது ஆள் வைதபோது, “சரிங்க, சாப்பிட்டீகளா?” என்று நானே பேச்சை வளர்த்தேன். அவர் வைத்துவிட்டார்.

மன்னிப்பை ஊர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். பெண்களும் ஆண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். சத்தமில்லாமல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“இதுவா ஆபீசு? போர்டையே காணோம்.” போனில் கேட்ட அதே மாரீஸ்வரியின் குரல்.

“விலாசம் இதுதான்க்கா.”

“ஒரு செருப்பக் காணோம். கோலம் போட்டு எம்புட்டு நாளாச்சோ. கரண்டு பில்லு கேட்டுலயே கெடக்கு, பேப்பர் அம்புட்டும் பிரிக்காமக் குமிஞ்சு கெடக்கு. கொடியில ஒரு துண்டுகூட இல்ல.”

நான் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். பூட்டு ஒன்றுதான் குறை.

“ஆளில்லாத வீடுக்கா இது. எவனோ கள்ள விலாசம் குடுத்துருக்கான்.”

“சரி, அவன் காயிதத்த அவனுக்கே போட்டுட்டு வாங்க.”

கதவுக்கடியில் ஒரு கடிதம் வந்து என் முழங்காலில் இடித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ‘பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டை.’ அவர்கள் போய்விட்டால் நான் தப்பித்தேன். ஆனால் செருப்புச் சத்தம் திரும்பி வேனைப் பார்த்து நகர்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடி விழுந்தாலும் விழட்டும் என்று கதவைத் திறந்து, “ஆள் இருக்கும்மா” என்றேன்.

மாரீஸ்வரி திரும்பி வந்து, கைலியில் நின்ற என்னையும் எனக்குப் பின்னால் இருந்த வெறுங்கூடத்தையும் பார்த்தாள். மற்ற எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

“வாங்கிக்கொள்கிறோம்னு போட்டுருக்கு. மத்தவுகள்லாம் எங்க?”

“நான் மட்டுந்தாம்மா.”

கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

“சாப்பிட்டீகளா அண்ணாச்சி?” என்றாள்.

இருக்கன்குடி கோயிலுக்குக் கிளம்பியவர்கள், என்னைத் திட்டுவதற்காகவே விருதுநகரைச் சுற்றி வந்திருக்கிறார்கள். கட்டுச்சோற்றில் எனக்கும் ஒரு இலை போட்டார்கள். நடந்ததை முழுசாகச் சொன்னேன். வீடியோவில் சொன்ன ஐந்து அடையாளங்களைச் சொன்னபோது சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரை ஏறிவிட்டது.

இடம் இன்றுவரை ஒரு சென்ட் கூட வாங்கவில்லை. தீபாவளி போன பிறகும் வீட்டை விற்கவில்லை, கதையைக் கேட்ட அக்காவும் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. மிச்சக் கடிதங்களின் முதுகில்தான் மளிகைச் சீட்டு எழுதுகிறேன், என் ஆயுசுக்கும் போதும். அக்கா வரும்போதெல்லாம் கேட்டில் நின்று, “உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொள்கிறோம்” என்று தெருவே கேட்கக் கத்துவாள்.

மாரீஸ்வரி வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “ஆள் இருக்கா?” என்பாள். “இருக்கும்மா” என்பேன். சிரித்துவிட்டு வைத்துவிடுவாள். சில வாரம், சனிக்கிழமையிலிருந்து நான் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.