முறுக்குப் பக்கத்துக்கு வந்த பெண் வீட்டார்

அவசரக்காரி கையில் போனைக் கொடுக்கக் கூடாது. அதுவும் என்னைப் போன்ற அவசரக்காரி கையில் கொடுக்கவே கூடாது.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஆவடி வட்டாரத்தில் சீர் முறுக்கு என்றால் என் முறுக்குதான். (இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது.) காட்டுப்பாக்கத்திலிருந்து முத்தாபுதுப்பேட்டைக்கு வீடு மாறியபோது, இன்டர்நெட்டில் இருந்த எங்கள் முறுக்குப் பக்கத்துக்கும் புதுப் பெயர் வைத்தாள் மருமகள் செல்வி. பழைய பக்கத்தைத் தட்டினால் ஆளைப் புதுப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுவிடுமாம். பூட்டிய கடையில் ‘இடம் மாறிவிட்டோம்’ என்று பலகை மாட்டுகிறோமே, அதுபோல.

எல்லாம் சரி, தேடினால் முதலில் வந்துகொண்டிருந்த நாங்கள் இப்போது எங்கோ அடியில் கிடந்தோம். தை மாதக் கல்யாணங்களோ நெருங்கிவிட்டன. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாவுக் கையோடு போனைத் தடவித் தடவிப் பார்த்ததில், போனே முறுக்கு வாசனை அடித்தது.

“கொஞ்ச நாள் பொறுங்க அத்தே, தானா மேல வரும்” என்றாள் செல்வி.

“நீ பொறுப்ப. தை பொறுக்குமா?”

அவள் ஆபீஸ் போனதும், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மணியிடம் போனேன்.

“இன்னாம்மா, இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறே? மூடிப்போன கல்யாணத் தகவல் மையத்தோட பக்கம் ஒண்ணு என்னாண்ட கீது. இன்னும் ஜனம் தேடிகினு வருது. அத்த உன் பக்கத்துக்குத் திருப்பி உட்டா, நீதாம்மா ஃபர்ஸ்ட்டு!”

கல்யாணம் தேடுகிறவர்களுக்குச் சீர் முறுக்கு வேண்டாமா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. ஒருத்தருக்கும் முறுக்கு வேண்டாம். “பையன் இன்னா நட்சத்திரம்?” என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், நசரத்பேட்டைக் குடும்பம் ஒன்று பூவும் பழமும் வைத்த தட்டோடு ஆட்டோவில் வந்தே இறங்கிவிட்டது. (பக்கத்தின் அடியில்தான் எங்கள் விலாசம் இருக்கிறதே!) கதவைத் திறந்தவள் செல்வி.

“மாப்ள பாக்க வந்துகிறோம். நீ மாப்ளயோட தங்கச்சியாம்மா?”

லுங்கியும் மாவு படிந்த மீசையுமாக என் மகன் குமார் எட்டிப் பார்த்தான். பெண்ணின் அப்பா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கீறாரு” என்றார். (மடையன், சிரித்து வேறு வைத்தான்!)

நான் திக்கித் திணறி நடந்ததைச் சொன்னேன். செல்விதான் காபியும் முறுக்கும் கொடுத்து அவர்களை அனுப்பிவைத்தாள்.

அந்த வாரமே எங்கள் பக்கம் தேடலில் காணாமல் போனது. சம்பந்தமில்லாத வாசலிலிருந்து ஆளைத் திருப்பிவிடுவது ஏமாற்று வேலையாம். தேடித் தருகிற கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தால் ஒதுக்கிவைத்து விடுவார்களாம். தை ஆர்டர் மொத்தமும் போச்சு.

மணியைக் கூப்பிட்டு அந்த வாசலை அடைக்கச் சொன்னாள் செல்வி. எங்கள் பழைய பக்கத்துப் பலகை மட்டும் நின்றது. என்ன மாவு, எத்தனை சுற்று, எவ்வளவு முன்னால் சொல்லவேண்டும் என்று என்னையே கேட்டு எழுதினாள். எங்கள் அடுப்படியையே படம் பிடித்துப் போட்டாள். வாங்கியவர்களை உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னாள். ‘உப்பு கொஞ்சம் தூக்கல்’ என்று எழுதினாள் ஒரு மகராசி.

“அத்த மொதல்ல அழி!” என்றேன்.

“இருக்கட்டும் அத்தே. அன்னைக்குத் தூக்கல்தானே?”

ஆனி மாதம்தான் மறுபடி மேலே வந்தோம். ஆர்டரும் வந்தது.

குமாருக்குத்தான் இன்னும் விமோசனம் இல்லை. சாம்பாரில் ஒரு குறை சொன்னால் போதும், செல்வி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்: “நசரத்பேட்டைக்கு ஆட்டோ சொல்லட்டுமா?”