ஆபீசர் வரும் நாளில் மட்டும் ஓடும் இயந்திரம்

ஜெலாப்பாங்,
12.8.1984

மரியாதைக்குரிய மச்சான் உடையப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை நவமணியின் கணவன் சின்னையா வணங்கி எழுதுவது. இவ்விடம் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அடுக்களையில் உங்கள் தங்கை இருமிய இருமலில் அந்தப் பொய் வரவில்லை. உங்கள் வீட்டிலாவது எல்லாரும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

நான் வேலை செய்யும் சுண்ணாம்புத் தொழிற்சாலையின் புகைபோக்கிக்குக் கீழேதான் எங்கள் வீடு. கறுப்புப் பூனை வளர்த்தோம், இப்போது அது வெள்ளைப் பூனை. புகையைக் குறைக்கும் முதலாளிகளுக்குக் குறைந்த வட்டிக் கடன், வரிச் சலுகை என்று போன வருடம் பேப்பரில் வந்ததும், கஷ்டம் தீர்ந்தது என்று நவமணி கோயிலில் தேங்காய் உடைத்தாள். கடன் வந்தது, தூசு பிடிக்கும் இயந்திரமும் வந்தது, மாலை போட்டுப் படம் பிடித்தார்கள், அதை இயக்கும் வேலையும் எனக்கே கிடைத்தது. நான் சுவிட்சைத் தட்டப் போனேன், மேனேஜர் சன்னாசி என் கையைப் பிடித்துக்கொண்டார். "யோவ் சின்னையா, இது கரண்ட கண்டமேனிக்குக் குடிக்குதுலா. ஆபீசர் வந்தா மட்டும் போடு." மற்ற இயந்திரங்களுக்கு வருடத்தில் ஒரு நாள் ஆயுத பூஜை, இதற்கு வருடம் முழுக்க ஆயுத பூஜை. அதோடு விட்டார்களா? வரியில் மிச்சமான பணத்தில் இன்னொரு சூளையும் கட்டிவிட்டார்கள். காற்றைச் சுத்தமாக்கக் கொடுத்த சலுகையில் புகை இரட்டிப்பானது மச்சான்.

புகையைச் சோதிக்கும் அரசாங்க ஆபீசர் வருவது முன்னாலேயே எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவருக்குக் கார் ஓட்டுகிறவரே நீங்கள்தானே! தைப்பிங்கிலிருந்து வரும் வழியில் சுங்கை சிப்புட்டில் தே தாரேக் குடிக்க நிறுத்துகிறீர்களே, அந்தக் கடைக்காரன் உடனே எங்கள் மேனேஜருக்குப் போன் போடுகிறான். நீங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் இயந்திரம் ஓடுகிறது, புகை காணாமல் போகிறது, ஆபீசர் "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். கார் திரும்பியதும் நான் சுவிட்சை அணைக்கிறேன்.

போன வாரம் நவமணிக்கு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். "ஒரே ஒரு நாளு நல்லா மூச்சு விட்டா போதுங்க" என்றாள். அடுத்த முறை எங்கேயும் நிறுத்தாமல் நேராக வாருங்கள். ஆபீசர் அந்தப் புகையைத் தம் கண்ணால் பார்க்கட்டும், இரண்டு இருமல் இருமட்டும்.

உங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. ஸ்டியரிங் பிடிக்கும் உங்கள் கைக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னையா

பின்குறிப்பு: நிறுத்தாமல் வரும் நாளை எனக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இயந்திரம் ஓடாததை ஆபீசர் பார்த்துவிட்டால், சின்னையா போட மறந்துவிட்டான் என்று சொல்லி என் வேலையைத்தான் பறிப்பார்கள். நவமணியின் மருந்து அந்தச் சம்பளத்தில்தான் வருகிறது. அன்றைக்கு விடிந்ததுமே போட்டுவிடுகிறேன்.