ரேஞ்சர் மலை ஏறினார்

காவிரி பாயும் ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடினாலும், மலையை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமல் மலையைக் காவல் காக்கும் வேலைக்கு மனுப் போட்ட மனிதர் எங்கள் ஹாஸ்டல் ரேஞ்சர் ஒருவராகத்தான் இருப்பார்.

மனுப் போட்ட அன்று சாயங்காலமே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டோம். அதற்கப்புறம் வகுப்பில் அசல் பெயரைக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பார். எனக்கு ஒரு வருஷம் மூத்தவர். ஒல்லி. கால்கள் மட்டும் வேறொரு ஆளிடமிருந்து வாங்கி மாட்டியவை போல நீளம்.

"போலீஸ் இருக்கு, பஸ் கண்டக்டர் இருக்கு. அதை விட்டுட்டு ஏன் இந்த வனக்காவலர் வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, எங்க ஊர்ல ஒரு சாண் நிலம்னாலும் அதுக்கு ரெண்டு பேர் சண்டை போடுறான். ஊருக்கு ரெண்டு கொடிக்கம்பம், ரெண்டு டீக்கடை. காட்டுல வரப்பு உண்டா? கிடையாது. வரப்பு இல்லேன்னா வரப்புச் சண்டையும் கிடையாது" என்றார்.

ஏதோ புத்தர் சொன்னது போல இருந்தது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு பரீட்சை உண்டு. நாலு மணி நேரத்தில் பதினாறு மைல் நடந்து காட்ட வேண்டும். மலைக்காட்டு வேலை என்பதால் மலையில்தான் நடக்கச் சொல்வார்கள் என்று ரேஞ்சரே முடிவு கட்டிக்கொண்டு பயிற்சியில் இறங்கினார்.

எங்கள் சீமையில் எதில் ஏறிப் பழகுவது? தேடித் தேடிக் கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு களத்தில் வைக்கோல் போரைக் கண்டுபிடித்தார். பட்டப்பகலில் ஏறுவதும் சறுக்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தார். அப்போது கூலித் தகராறு முற்றியிருந்த நேரம். போருக்கு யாரோ தீ வைக்க வந்துவிட்டான் என்று நாலு பேர் கம்போடு ஓடி வந்தார்கள்.

"யார்றா நீ? எந்தக் கட்சி?"

"கட்சி இல்லீங்க. மலை ஏறிப் பழகுறேன்."

நாலு பேரும் கம்பைக் கீழே போட்டார்கள். அதில் பெரியவர் ஒருவர், "பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ" என்று மோர் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றியும் விட்டார்.

இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தவன் கோவிந்தராசு. என் வகுப்புத் தோழன், ரேஞ்சரின் ஊர்க்காரன். ஹாஸ்டலுக்கு எதிர்ச் சந்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவன் அப்பா மிராசுதார். ரேஞ்சரின் அப்பா அவரிடம் குத்தகைக்கு உழுகிறவர். குத்தகைக்காரர் பெயரையும் பதிய வேண்டும் என்று புது ஆட்சியில் சட்டம் வந்ததும், ஒருவர் பதியப் போனார், மற்றவர் கோர்ட்டுக்குப் போனார். மகன்களோ, கோவிந்தராசுக்கு ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் இட்லியை ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

"அவங்கப்பா எங்கப்பா மேல கேஸ் போட்டிருக்காரு. அதுக்கு இட்லி என்ன பண்ணும்?" என்பார் ரேஞ்சர்.

கோவிந்தராசுதான் சொன்னான்: "வைக்கோல் போர் வேணாம்டா. நெசமான மலைக்கே போவோம்."

பச்சைமலை என்று முடிவாயிற்று. கிழக்கு அடிவாரத்தில் ஏறி, நாலைந்து உச்சிகளைத் தாண்டி, சுற்றிக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்கு அதே கிழக்கு அடிவாரத்தில் இறங்குவது என்று திட்டம். போகும் வழியில் திருச்சி மலைக்கோட்டையைப் பார்த்ததும் ரேஞ்சர் பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டார்.

"இதானே மலை? இதுலயே ஏறிட்டுத் திரும்பிடலாமே."

"உக்காருடா. அது கல்லு" என்றான் கோவிந்தராசு.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்து, விடியும்போது அடிவாரத்தில் நின்றோம். ரேஞ்சர் மலையை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஒரு பிரகடனம் செய்தார்: "இன்னைக்கு ஏறி இறங்கிட்டேன்னா அடுத்த வாரம் டெஸ்ட்டுக்குப் போவேன். இல்லேன்னா ஊருக்குப் போயி அப்பாவோட சேர்ந்து கேஸ் நடத்துவேன். அவ்வளவுதான்."

முதல் உச்சிக்குப் போவதற்குள் நாங்கள் செய்த முதல் தவறு தெரிந்துவிட்டது. மூன்று பேரில் ஒருவர்கூடத் தண்ணீர் கொண்டுவரவில்லை. எங்கள் ஊரில் யார் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்? கொஞ்ச தூரம் போனால் வாய்க்கால் வரும், குனிந்து அள்ள வேண்டியதுதான். எதிரே ஆடு ஓட்டி வந்த மலைக்காரர் ஒருவரிடம் ரேஞ்சர் கேட்டார்.

"ஐயா, இங்க வாய்க்கா எந்தப் பக்கம்?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. நாக்கு வறண்டிருப்பதைப் பார்த்து விளங்கிக்கொண்டு, குடிசைக்கு அழைத்துப் போய்த் தண்ணீரும், ஆளுக்கு ஒரு கை பலாச்சுளையும் கொடுத்தார். புறப்படும்போது அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

"ஏன் சாமி, இம்புட்டு இடம் கிடக்குது. நீங்க ஏன் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால ஒருத்தரா போறீங்க? உங்களுக்குள்ள சண்டையா?"

அப்போதுதான் நாங்களே கவனித்தோம். பரந்த புல்வெளியிலும் வரப்பில் போவது போல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். உடனே மூவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து பார்த்தோம். கொஞ்ச தூரத்தில் ஒருவர் காலை ஒருவர் மிதித்ததுதான் மிச்சம். பழையபடி வரிசைக்கே வந்துவிட்டோம்.

இரண்டாம் உச்சியில் காற்று வேட்டியைப் பறித்தது. அங்கிருந்து பார்த்தால் கீழே நிலமெல்லாம் யாரோ தாயக்கட்டம் கீறி வைத்தது போல இருந்தது. "இங்கேர்ந்து பார்த்தா எந்த வயல் யாரோடதுன்னு ஒண்ணுமே தெரியல பார்த்தியா?" என்றார் ரேஞ்சர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் மூன்றாவது உச்சிவரை தாங்கியது. இறங்கும்போது முழங்கால் கழன்றது, ஏறும்போது மூச்சு கழன்றது. நாலாவது உச்சிக்குப் பாதி வழியில் ஒரு பாறையைக் கண்டார், உட்கார்ந்தார், செருப்பைக் கழற்றினார்.

"முடிஞ்சுது. நீங்க போங்க. நான் வைக்கோல் போருக்குத்தான் லாயக்கு. ஊருக்குப் போயி கேஸைப் பார்க்கிறேன்."

நான் பூகோளப் பாடத்தில் படித்ததை எல்லாம் சொல்லித் தேற்றினேன். உயரம் போகப் போக வெப்பம் குறையும் என்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். பாடப்புத்தகத்தில் இல்லாத ஆறுதல் எனக்குத் தெரியாது. ரேஞ்சர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

கோவிந்தராசு நொண்டிக்கொண்டே வந்தான். அவன் காலிலும் கொப்புளம். பாறையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே குனிந்தபடியே சொன்னான்.

"நீ ஊருக்கு வந்து வயல்ல நின்னா, அந்தப் பக்கம் எங்கப்பா நிப்பாரு. நான் எந்தப் பக்கம் நிக்கிறது? அதையும் நீயே சொல்லிட்டு உக்காரு."

ரேஞ்சர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கொப்புளத்துல துண்டைக் கிழிச்சுக் கட்டுடா. அப்படியே நடந்தா சீழ் வைக்கும்" என்றார். கட்டியும் விட்டார். எழுந்து முன்னால் நடந்தார். நாலாவது உச்சி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

ஐந்தாவதைத் தாண்டும்போது வானம் மூடிக்கொண்டது. சூரியனைக் காணோம். எந்தப் பக்கம் கிழக்கு என்று ஒருவருக்கும் புரியவில்லை. அப்போது சலசலவென்று ஓர் ஓடை. ரேஞ்சருக்கு உயிர் வந்துவிட்டது.

"கவலையை விடுங்க. தண்ணி போற பக்கம் கிழக்கு. பொறந்ததுலேர்ந்து பார்க்கிறோமே, என்னைக்காவது தண்ணி மேற்க போயிருக்கா?"

மூன்று பேரும் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவர்கள். எங்கள் ஆறு, வாய்க்கால், ஆற்றில் விட்ட வெற்றிலை எல்லாமே கிழக்கே கடலுக்குத்தான் போகும். கேள்வியே கேட்காமல் ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். வழியெல்லாம் பாட்டு வேறு. பொழுது சாயும் நேரத்தில் அடிவாரத்து டீக்கடைக்கு வந்து சேர்ந்தோம்.

"பெரம்பலூர் பஸ் எப்பங்க?" என்றார் ரேஞ்சர்.

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "பெரம்பலூரா? அது மலைக்கு அந்தப் பக்கமுங்க. இது சேலம் ஜில்லா."

கோவிந்தராசு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் ரேஞ்சரைப் பார்த்தேன். அவர் மேகம் விலகிய மலையைத் திரும்பிப் பார்த்தார், எங்களுக்கு நேர் எதிரே அடிவானத்தில் இறங்கிக்கொண்டிருந்த சூரியனையும் பார்த்தார். பிறகு கம்பீரமாகச் சொன்னார்.

"ஏறினோம்ல? இறங்கினோம்ல? எந்தப் பக்கம் இறங்கினேன்னு டெஸ்ட்ல கேக்க மாட்டான். அண்ணே, மூணு டீ."

ஆத்தூர் பஸ்ஸில் மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினோம். அத்தனை நல்ல தூக்கம் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த வாரம் டெஸ்ட் நடந்தது. மலையில் அல்ல. மேடு பள்ளம் எதுவும் இல்லாத தார் ரோட்டில். இரண்டு பக்கமும் வயல். ரேஞ்சர் சந்தைக்குப் போகிறவர் மாதிரி கையை வீசிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்து, மற்றவர்கள் வரும்வரை மதகில் உட்கார்ந்திருந்தாராம்.

வேலையும் கிடைத்தது. எந்த மலை என்று ஹாஸ்டலே காத்திருந்தது. உத்தரவு வந்தது: கோடிக்கரைக் காடு. எங்கள் ஜில்லாவிலேயே, கடலோரத்தில், தாம்பாளம் போலத் தட்டையான காடு. அங்கே உயரம் என்றால் ஒரே ஒரு மணல்மேடுதான்.

கேஸ் இன்னும் நடக்கிறது. கோவிந்தராசு இப்போது திருவாரூரில் வாத்தியார். போன மாதம் நான் கோடிக்கரைக்குப் போனேன். காக்கி உடுப்பில் ரேஞ்சர் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தார். என்னை மணல்மேட்டில் ஏற்றி, மான் கூட்டத்தைக் காட்டி, ஒவ்வொரு மானையும் தன் சொந்தக்காரர் மாதிரி அறிமுகம் செய்துவைத்தார். பேச்சு நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது.

"அடடா, கடைசி பஸ் போயிருக்குமே தம்பி. முன்னாடியே சொல்லாம விட்டுட்டேனே" என்று பதறினார்.

அந்த ஊரில் கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும் என்று தெரிந்துகொண்டுதான் நான் போயிருந்தேன்.