வாசல் தாவுதளம்

நகர மக்கள் எங்கே ஓடுகிறார்கள், எங்கே தாவுகிறார்கள், எந்தச் சுவரில் தொற்றி ஏறுகிறார்கள் என்பதைக் கைபேசி வழியே அறிந்து, தாவல் விளையாட்டுக்கென்று ஒரு வரைபடம் தயாரிப்பதென மாநகராட்சி மேன்மையான முடிவெடுத்தது. செயலி எல்லார் போனிலும் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் குடியிருப்பு வாசலை ஒட்டி, குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் ஒன்று உண்டு. குழாய் வரவில்லை, பள்ளம் தங்கிவிட்டது. பால் வாங்கப் போனாலும் வேலைக்குப் போனாலும் அதைத் தாண்டித்தான் ஆகவேண்டும். விளைவு, தாவல் கூடக்கூடச் சிவக்கும் அந்த வரைபடத்தில் எங்கள் வாசல் செக்கச்செவேலென்று எரிந்தது. 'அங்கீகரிக்கப்பட்ட தாவுதளம்' என்று அறிவிப்பு நட்டுவிட்டுப் போனார்கள். முட்டிவலிக்காரியான என் மாமியார் மூத்தோர் பிரிவில் முதலிடம். தைலத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

எனக்குத்தான் கவலை. மகள் இப்போதுதான் ஓடப் பழகியிருக்கிறாள். பார்த்ததையெல்லாம் செய்கிற வயது. அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரைபட அதிகாரி முன்னால் போய் நின்றேன்.

"பள்ளத்தை மூடணும் சார். குழந்தை விழுந்துடும்."

"விளையாட்டு மைதானத்தையா மூடச் சொல்றீங்க?"

"ஒரு பலகையாவது போட்டுக்கறோமே?"

"பலகை போட்டுத் தாண்டறது ஊக்கமருந்து சாப்பிட்டு ஓடற மாதிரிம்மா. படிச்சவங்க நீங்களே இப்படிப் பேசலாமா?"

"அப்ப எப்பதான் மூடுவீங்க?"

"ஒரு வாரம் யாருமே தாவலைன்னு வரைபடம் சொல்லட்டும். அங்கீகாரம் போயிடும், மண்ணு வந்துடும்." திரையைப் பார்த்தவர் முகம் மலர்ந்தார். "நீங்க பாப்பாவோடயே தாவறீங்களே! எடை தூக்கித் தாவும் மகளிர் பிரிவுல உங்களை அடிச்சுக்க ஆளில்லை!"

கையைக் காலைப் பிடித்துக் குடியிருப்பையே சம்மதிக்க வைத்தேன். எல்லாரும் போனை வீட்டில் வைத்துவிட்டுத் தாவினோம்.

"என் ரெண்டாமிடம் போச்சேடி" என்று கணவர் மட்டும் புலம்பினார்.

வரைபடம் வெளுத்தது. வாரம் முடிந்ததும் மண் லாரியோடு அதிகாரியே வந்தார். மூடுவதற்கான எங்கள் ஒப்புதலை வாசற்படியில் நின்றுதான் அவர் வாங்கவேண்டும் என்பது விதி. நடுவில் பள்ளம். பின்னால் நகர்ந்தார், மூச்சை இழுத்தார், ஓடிவந்து ஒரே தாவு!

அவர் சட்டைப்பையில் போன் கூவியது. எடுத்துப் பார்த்துத் துக்கமாகச் சொன்னார்: "மன்னிக்கணும்மா. இப்பதான் யாரோ தாவியிருக்காங்க."

"நீங்கதான் சார் தாவினீங்க!"

"யாருங்கறது வரைபடத்துக்கு அநாவசியம். புள்ளி விழுந்துடுச்சு." லாரி திரும்பியது. உடனே அவர் குரல் துள்ளியது. "ஆனா பாருங்க, நகரத்துலயே இதுதான் நீளமான தாவல்!"

முதலில் தட்டியது மாமியார். பிறகு கணவர். பிறகு மாடிமாடியாகக் கைதட்டல். என்ன மாயமோ, நானும் சிரித்துக்கொண்டே தட்டினேன்.

கைதட்ட இரண்டு கையும் வேண்டும் அல்லவா? இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட மகளைக் குனிந்து பார்த்தால் காணோம். சற்றுத் தள்ளி அவள் பள்ளத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல், அதிகாரி செய்தது போலவே, அடிமேல் அடிவைத்துப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாள்.